பெரிய வண்டியா, சின்ன வண்டியா?

வடலூர்ப் பூசத்தன்று உச்சி வெயில். எங்கள் ரோந்து வண்டியின் பின்கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, கையில் லத்தியோடு நிற்கிறேன். எதிரே ஒரு சப்-இன்ஸ்பெக்டர். வெளியூரிலிருந்து பந்தோபஸ்துக்கு வந்தவர். அவருடைய சாப்பாட்டுப் பொட்டலம் வண்டிக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறது.

"கதவைத் தொறங்கம்மா. பசி உயிர் போகுது."

"பத்து நிமிஷம் பொறுங்க ஐயா."

"உள்ள யாரு?"

"லேடி அக்யூஸ்ட் ஐயா. செயின் பறிப்பு. வாந்தி எடுத்துக்கிட்டு இருக்கா."

வாந்தி என்றதும் மனுஷன் இரண்டடி பின்னால் போனார்.

உள்ளே அக்யூஸ்டும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. எங்கள் ஸ்டேஷன் காவலர் செல்விதான் இருந்தாள். பேறுகால விடுப்பு முடிந்து டியூட்டியில் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. பிள்ளை குள்ளஞ்சாவடியில் மாமியாரிடம். விடிவதற்கு முன்பே வீட்டை விட்டுக் கிளம்பியவளுக்கு, மதியத்துக்குள் மார் கட்டிக்கொண்டு சட்டை நனைய ஆரம்பித்துவிட்டது. "வலி தாங்கலக்கா" என்று என் காதில் சொன்னபோது அழுதேவிட்டாள். நான்தான் அவளை வண்டிக்குள் தள்ளி, திரையை இழுத்துவிட்டு, ஒரு டம்ளரையும் கொடுத்துக் கதவைச் சாத்தினேன்.

கொஞ்ச நேரத்தில் உள்ளிருந்து கண்ணாடியில் தட்டினாள். கதவைத் திறந்தால் சட்டை, தொப்பி எல்லாம் சரியாகப் போட்டுக்கொண்டு விறைப்பாக இறங்கி, அந்த சப்-இன்ஸ்பெக்டருக்கு ஒரு சல்யூட்டும் அடித்தாள்.

"அக்யூஸ்ட் எங்கம்மா?" என்றார் அவர்.

"அந்தப் பக்கக் கதவு வழியா அனுப்பிட்டோம் ஐயா" என்றேன். அவர் அதே சீட்டில் உட்கார்ந்து புளிசாதத்தைப் பிரித்துச் சாப்பிட்டார். நானும் செல்வியும் வண்டிக்குப் பின்னால் போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். 

காக்கித் திரை

போலீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் எதை இழந்ததற்காக ஏங்குகிறீர்கள் என்று இந்தத் தொடரின் வாசகி ஒருவர் கடிதத்தில் கேட்டிருந்தார். பதக்கம், பதவி என்று எழுதுவேன் என நினைத்திருப்பார். அதெல்லாம் இல்லையம்மா. நான் ஏங்குவது ஒரு வண்டிக்காக.

ஸ்டேஷனில் அதற்குப் 'பெரிய வண்டி' என்றுதான் பெயர். நீளமாக, உயரமாக, யாருக்கும் வழிவிடாத மாதிரி நிற்கும். முன்னால் இரண்டு பேர், நடுவில் மூன்று பேர், பின்னால் எதிரும் புதிருமாக இரண்டு நீள சீட்டு. ஏறும்போது ஒரு முனகல், இறங்கும்போது ஒரு முனகல். டீசல், ரெக்ஸின், வெயிலில் காய்ந்த வியர்வை, ஓட்டுநர் ஏகாம்பரம் அண்ணன் முன்னால் வைக்கும் மல்லிகைப்பூ எல்லாம் கலந்த ஒரு வாசனை அதற்கு உண்டு.

ஏகாம்பரம் அண்ணனுக்கு முத்தாண்டிக்குப்பம் பக்கம் ஊர். முந்திரித் தோப்புக்காரர். அவருடைய வீட்டம்மா பழைய காக்கித் துணியில் பின்பக்க ஜன்னல்களுக்குத் திரை தைத்துக் கொடுத்தார். அதை ஸ்பிரிங் கம்பியில் கோத்து மாட்டினோம். பெண் கைதிகளின் மானத்துக்காக என்று மேலிடத்தில் சொல்லி வைத்திருந்தோம். உண்மையில் அது எங்கள் மானத்துக்காக.

பந்தோபஸ்து என்றால் ஆண் போலீசுக்கு ஒரு மரம் போதும், ஒரு சுவர் போதும். எங்களுக்கு? பத்து மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம் ரோட்டிலே நிற்க வேண்டும். துணி மாற்ற வேண்டும், நனைந்ததை அவிழ்க்க வேண்டும், மாதத்தில் மூன்று நாள் வேறு. காலை நீட்டி ஐந்து நிமிஷம் அழ வேண்டும் என்றாலும் இடம் கிடையாது. அந்த வண்டியின் பின்பக்கம்தான் எங்களுக்கு வீடு. திரையை இழுத்துவிட்டால் உள்ளே மங்கலாக மஞ்சள் வெளிச்சம் வரும். நாலு பேர் முட்டி இடிக்க உட்கார்ந்து மாமியார் கதை பேசுவோம்.

ஆளுக்கொரு கருத்து

பெரிய வண்டியைப் பற்றி ஸ்டேஷனில் கருத்து இல்லாத ஆள் கிடையாது.

"பெரிய வண்டி போய் நின்னாலே பாதி சண்டை அடங்கிடும்மா. சின்ன வண்டில போனா, யாரோ சொந்தக்காரங்க வந்திருக்காங்கன்னு நெனச்சு அவனவன் சண்டையைத் தொடர்ந்து போடுறான்" என்பார் பழைய இன்ஸ்பெக்டர் ஐயா. வாஸ்தவம்தான். மெயின் பஜாரில் நானே பார்த்திருக்கிறேன்.

ஸ்டேஷன் எழுத்தருக்கு வேறு நியாயம். புருஷன் பெண்டாட்டி தகராறு என்றால் இரண்டு தரப்பையும் ஒரே நடையில் அழைத்து வர வேண்டும். பெரிய வண்டியில் இந்தப் பக்க சீட்டில் அவன், அந்தப் பக்க சீட்டில் அவள், நடுவில் நான். எங்கள் ஊர் நிலக்கரிச் சுரங்கத்தில் ஷிப்ட் முடித்துவிட்டு வந்து பெண்டாட்டியை அடித்த ஒருவன், ஸ்டேஷன் வருவதற்குள் அவள் முகத்தைப் பார்த்தே தேம்பி அழுது, வண்டியிலேயே சமாதானம் ஆகிவிட்டான். எழுத்தருக்கு ஒரு எஃப்.ஐ.ஆர். மிச்சம்.

குடித்துவிட்டு விழுந்து கிடப்பவர்களின் கருத்தையும் சொல்லிவிட வேண்டும். ஒருவன் மாதம் இரண்டு தடவை எங்களிடம் மாட்டுவான். ஒரு நாள் வேறு ஸ்டேஷன் சின்ன வண்டி வந்தபோது ஏற மாட்டேன் என்று தரையில் உட்கார்ந்துகொண்டான். "இதுல கால நீட்ட முடியாது சார். என் வண்டியக் கூப்புடுங்க" என்றானாம்!

ஏகாம்பரம் அண்ணன் மட்டும் திட்டுவார். "கிளட்ச்ச மிதிச்சு மிதிச்சு என் முட்டி போயிடுச்சு ஏட்டம்மா. இத்த வளைக்கறதுக்குள்ள திருடன் வூட்டுக்குப் போயி சோறு துன்னுட்டுத் தூங்கிக்கினு இருப்பான்." திட்டிக்கொண்டே துணியால் பானெட்டைத் துடைப்பார். வேறு யாராவது திட்டினால் அன்று முழுக்க அந்த ஆளோடு பேச மாட்டார்.

என் காலத்து ஜீப்

இதைச் சொன்னால்தான் மற்றதெல்லாம் புரியும்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது ஜீப்தான். பக்கவாட்டில் கதவு கிடையாது, மேலே கித்தான். என் அப்பா விருதுநகர்ப் பக்கத்திலிருந்து சுரங்க வேலைக்கு வந்தவர். நான் கதவு, குளியலறை எல்லாம் உள்ள சுரங்கக் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். ஆகையால் வெட்டவெளி என்றால் கூச்சம் கொஞ்சம் கூடுதல். என் மகன் பிறந்து டியூட்டிக்குத் திரும்பிய வருஷம், பால் கட்டும்போதெல்லாம் முந்திரித் தோப்புக்குள் ஓடுவேன். காய்ந்த சருகு காலடியில் சரசரக்கும். யாராவது வருகிறார்களா என்று காதைத் தீட்டிக்கொண்டு, மரத்தைப் பார்த்துத் திரும்பி நின்று, பிள்ளைக்குப் போக வேண்டிய பாலை மண்ணில் பீய்ச்சிவிட்டு வருவேன். எறும்பு மொய்க்கும். அதைப் பார்க்க முடியாமல் காலால் சருகைத் தள்ளி மூடுவேன்.

யாரிடமும் இதைச் சொன்னதில்லை. செல்வியிடம் மட்டும் சொன்னேன். "எனக்கு அந்தக் கதி இல்லக்கா, பெரிய வண்டி இருக்கு" என்றாள். எனக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

ஐயா சொன்னதே என் கருத்தும்

பூசம் முடிந்து சில வாரத்தில் ஒரு தாள் வந்தது. பெரிய வண்டிக்கு வயதாகிவிட்டது. ரோந்துக்குப் பெரிய வண்டியே மறுபடி வேண்டுமா, சின்ன வண்டி போதுமா, எல்லா நிலைக் காவலர்களின் கருத்தையும் கேட்டு அனுப்பவும் என்று மேலிடத்து உத்தரவு. கருத்துக் கேட்க டி.எஸ்.பி. நேரிலேயே வருவதாகச் சொன்னார்கள்.

செல்வி என்னைத் தனியாக இழுத்துக்கொண்டு போனாள்.

"அக்கா, நீங்க சொல்லுங்கக்கா. பெரிய வண்டி இல்லாட்டி நான் செத்தேன். பாப்பாவுக்கு ஒரு வயசு வரைக்குமாவது குடுக்கணும்னு இருக்கேன். நான் சொன்னா சிரிப்பாங்க. நீங்க சீனியரு."

"கூட்டத்துல வேணாம்டி. அத்தனை ஆம்பளைங்க. முடிஞ்சதும் ஐயாவைத் தனியாப் பாத்து நான் சொல்றேன்."

"நிஜமாவா?"

"சொல்றேன்னா சொல்றேன்."

அந்த நாள் வந்தது. நாங்கள் வரிசையாக நிற்கிறோம். டி.எஸ்.பி. ஒரு சின்ன வண்டியிலிருந்து இறங்கினார். புது இன்ஸ்பெக்டர் ஐயா வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. அவர் அந்தச் சின்ன வண்டியை ஒரு பார்வை பார்த்தார். அவ்வளவுதான், முடிந்தது கதை. அன்று காலை வரை "பெரிய வண்டி இல்லாம ஸ்டேஷன் நடத்த முடியாது" என்று சொல்லிக்கொண்டிருந்த மனுஷன், உள்ளே கூட்டம் தொடங்கியதும் முதல் ஆளாக எழுந்தார்.

"சின்ன வண்டிதான் ஐயா உகந்தது. சந்து பொந்தெல்லாம் போகும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் சுரங்க டவுன்ஷிப்பில் சந்து எங்கே ஐயா இருக்கிறது? பிளாக்குக்குப் பிளாக் இரண்டு லாரி எதிரெதிரே போகிற ரோடு!

எங்கள் துறையில் கருத்து என்பது மேலிருந்து கீழே வரும் சமாச்சாரம். பெரியவர் சொன்ன பிறகு மற்றவர்களுக்கு ஒரே வாக்கியம்தான். எங்கள் ஸ்டேஷன் சப்-இன்ஸ்பெக்டர் எழுந்தார்: "ஐயா சொன்னதே என் கருத்தும்." எழுத்தர் எழுந்தார்: "ஐயா சொன்னதே என் கருத்தும்." ஏகாம்பரம் அண்ணனைக் கேட்டதற்கு, "எத்தக் குடுத்தாலும் ஓட்டறேங்க" என்று தலையைக் குனிந்துகொண்டார். நானும் எழுந்தேன். நானும் அதையேதான் சொன்னேன். அதுவரை குற்றமில்லை. கூட்டம் முடிந்து தனியாகச் சொல்வதாகத்தானே பேச்சு.

கூட்டம் முடிந்து டி.எஸ்.பி. வண்டிக்குப் போகும்போது, செல்வியை உள்ளேயே விட்டுவிட்டுப் பின்னாலேயே போனேன். இன்ஸ்பெக்டர் ஐயா பக்கத்தில் நின்றார். டி.எஸ்.பி. ஏறப் போனவர் என்னைப் பார்த்து நின்றார்.

"என்ன ஏட்டம்மா, ஏதாச்சும் சொல்லணுமா?"

எத்தனையோ கேடிகளை நடுரோட்டில் நிறுத்தி வைத்து நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டவள் நான். எனக்குப் 'பால்' என்ற ஒரு சொல் வாயில் வரவில்லை. இரண்டு ஆண்கள் முன்னால் அதைச் சொல்ல உடம்பெல்லாம் கூசியது. இன்ஸ்பெக்டர் ஐயா வேறு என்னையே முறைத்துக்கொண்டிருந்தார். கால் தானாகச் சேர்ந்துகொண்டது, கை தானாக நெற்றிக்குப் போனது.

"ஒண்ணும் இல்லைங்க ஐயா."

வண்டி போய்விட்டது.

இரண்டு நாள் கழித்து ஏகாம்பரம் அண்ணன் டீக்கடையில் தலையில் அடித்துக்கொண்டார். டி.எஸ்.பி.யின் ஓட்டுநர் அவருக்குத் தூரத்துச் சொந்தம்.

"இன்னா கூத்து தெரியுமா ஏட்டம்மா? அன்னிக்கு அவுரு வண்டி வொர்க்‌ஷாப்புல நின்னுக்கினு இருந்துச்சாம். அவசரத்துக்கு அந்தச் சின்ன வண்டிய எரவல் வாங்கிக்கினு வந்துருக்காரு. வழி நெடுக முட்டி இடிக்குதுன்னு திட்டிக்கினே வந்தாராம். அவுருக்குப் புடிச்சதே பெரிய வண்டிதானாம்!"

"அய்யய்யோ! அப்புறம் ஏன் ஒண்ணும் சொல்லல?"

"எப்படிச் சொல்லுவாரு? அத்தினி பேரும் சின்னதுதான்னுட்டோமே, அப்படியே எழுதி அனுப்பிட்டாராம். திரும்பிப் போவும்போது சொன்னாராம், 'ஒருத்தர் வாயத் தொறந்து பெருசு வேணும்னு கேட்டிருந்தா, அதையே எழுதிருப்பேன்யா. அந்த ஏட்டம்மா ஏதோ சொல்ல வந்தாப்புல இருந்துச்சு. சொல்லல'ன்னு."

டீ கிளாஸ் சுட்டது. கீழே வைக்கத் தோன்றாமல் பிடித்துக்கொண்டே நின்றேன்.

குள்ளஞ்சாவடி மறியல்

சின்ன வண்டி வந்தது. நல்ல வண்டிதான், குறை சொல்ல முடியாது. விசுக்கென்று திரும்பும், ஏ.சி. இருக்கும். நாலு பக்கமும் பளிச்சென்று கண்ணாடி. திரை மாட்டக் கம்பியும் இல்லை, இடமும் இல்லை. பெரிய வண்டியை இழுத்துக்கொண்டு போன அன்று ஏகாம்பரம் அண்ணன் லீவு போட்டுவிட்டார்.

சித்திரை வெயிலில் குள்ளஞ்சாவடி கூட்டு ரோட்டில் மறியல். பஸ் நிற்காமல் போகிறது என்று ஐம்பது அறுபது பெண்கள் ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். பெண் போலீஸ் நானும் செல்வியும் இரண்டே பேர். காலையில் நின்றோம், மதியமும் நின்றோம். செல்வியின் சட்டையில் ஈரம் படர்ந்தது. தொப்பியைக் கழற்றி மார்பை மறைத்துப் பிடித்துக்கொண்டாள்.

அவளுடைய வீடு அங்கிருந்து கூப்பிடு தூரம். மருமகள் வந்திருக்கிறாள் என்று கேள்விப்பட்டு, மாமியார் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தே விட்டார். கூட்டத்துக்கு அந்தப் பக்கம் நின்று, "செல்வி, கொஞ்சம் குடும்மா. பால் பவுடரத் தொட மாட்டேங்குது" என்று கத்தினார். பிள்ளை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது.

நான் இன்ஸ்பெக்டரிடம் ஓடினேன். "ஐயா, பத்து நிமிஷம் அவளை வீட்டுக்கு அனுப்புங்க."

"லேடீஸ் ரெண்டே பேரு. ஒருத்தரும் நகரக் கூடாது. தேவைன்னா நம்ம வண்டில உக்காந்துக்கச் சொல்லுங்க."

நம்ம வண்டி! சுற்றிலும் கண்ணாடி, சுற்றிலும் கூட்டம், முன் சீட்டில் ஒயர்லெஸ்ஸோடு ஒரு காவலர். மறியலால் கடைகளெல்லாம் ஷட்டர் இறக்கியிருந்தன. பெரிய வண்டி இருந்திருந்தால் எங்கள் முதுகுக்குப் பின்னாலேயே நின்றிருக்கும். திரையை இழுத்தால் போதும்.

செல்வி என்ன செய்தாள் தெரியுமா? பிள்ளை தன் முகத்தைப் பார்த்துவிடக் கூடாது என்று திரும்பி நின்றுகொண்டாள். பிள்ளையின் அழுகை தெருவுக்குள் போய்த் தேயும் வரைக்கும் அவள் திரும்பவேயில்லை. மறியல் செய்த பெண்களில் ஒருத்தி எழுந்து வந்து தன் முந்தானையை உருவி அவள் தோளில் போர்த்தப் பார்த்தாள். செல்வி வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். டியூட்டியில் இருக்கிறாளாம்.

இரண்டாம் நாள் காய்ச்சல். மார் வீங்கிச் சீழ் வைத்து, ஆஸ்பத்திரியில் கீறி எடுத்தார்கள். பார்க்கப் போனபோது பச்சைப் போர்வைக்குள் சின்னப் பெண்ணாகத் தெரிந்தாள்.

"பால் மறக்கடிச்சாச்சுக்கா" என்றாள். பிறகு, இத்தனை நாளாகக் கேட்காததைக் கேட்டாள்: "அன்னிக்கு டி.எஸ்.பி. ஐயாகிட்ட சொன்னீங்களாக்கா?"

"சொன்னேன்" என்றேன். "எவ்வளவோ சொன்னேன். அவர் கேக்கல."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "பரவால்லக்கா. எனக்காக நீங்களாவது வாயத் தொறந்தீங்களே."

மைக்கைப் பிடித்தவள்

என் பணி ஓய்வு விழாவுக்குச் செல்வி வேறு ஊரிலிருந்து வந்தாள். பாப்பா பள்ளிக்கூடம் போகிற அளவுக்கு வளர்ந்திருந்தது. பேசச் சொன்னபோது மைக்கைப் பிடித்து, இந்தக் கதையைச் சொன்னாள். ஆண்கள் முன்னால், பால் என்ற சொல்லைக் கூசாமல் சொன்னாள். "ஸ்டேஷனே பயந்து வாய மூடிக்கினு இருந்தப்ப, பெரிய அதிகாரிகிட்ட போய் எங்களுக்காக வாதாடுனது எங்க அக்கா ஒருத்திதான்" என்றாள். கைதட்டல் அடங்கவில்லை. இளம் பெண் காவலர்கள் இரண்டு பேர் வந்து என் காலைத் தொட்டார்கள். கழுத்தில் மாலையோடு, மணக்க மணக்க, நான் நின்றேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

இப்போது மாலையில் நடக்கப் போகும்போது, சின்ன ரோந்து வண்டி என்னைக் கடந்து போகும். உள்ளே ஒரு பெண் காவலர் முட்டியை ஒடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அந்தக் காக்கித் திரைக்குள் முட்டி இடிக்க உட்கார்ந்து சிரித்த சிரிப்புக்காக அழுகை முட்டிக்கொண்டு வருகிறது. ஆனால் ஏங்குவதற்கு எனக்கு என்ன யோக்கியதை? அதைக் கேட்டு வாங்க வாய்ப்புக் கிடைத்த ஒரே ஆள் நான்தான்.

செல்வி இந்தத் தொடரை ஒரு வாரம்கூட விடாமல் படிக்கிறாள். பத்திரிகை வருகிற வெள்ளிக்கிழமை காலையில் எனக்கு வரும் முதல் போன் அவளுடையதுதான். "அக்கா, சூப்பர்க்கா" என்பாள்.

செல்வி, நான் சொல்லவில்லை. டி.எஸ்.பி. நின்று கேட்டார். ஒண்ணும் இல்லைங்க ஐயா என்று சல்யூட் அடித்துவிட்டு வந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த வண்டி உனக்குக் கிடைத்திருக்கும். மைக்கில் நீ சொன்னது பொய். அதை உன் வாயில் வைத்தவள் நான்.

இந்த வெள்ளிக்கிழமையும் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.